டிரம்முக்கு முன்னால் அள்ளியது

என் பேத்தியின் கழுத்தை என் மகள் தேய்த்துத் தேய்த்தே புண்ணாக்கிவிட்டாள்.

பிடரியில், மடிப்பு விழும் இடத்தில் ஒரு கருப்பு. பார்த்தால் அழுக்கு மாதிரித்தான் இருக்கும். பள்ளிக்கூடத்தில் டீச்சர் ஆள் விட்டுக் கூப்பிட்டு, பிள்ளையைக் கொஞ்சம் சுத்தமாகக் குளிப்பாட்டி அனுப்பச் சொல்லிவிட்டாள். என் மகளுக்கு அதோடு மானம் போயிற்று. முதலில் சோப்புப் போட்டுத் தேய்த்தாள். அப்புறம் நார். அதற்கும் போகவில்லை என்றதும் பாத்திரம் தேய்க்கிற பச்சை நாரை எடுத்துவிட்டாள். பிள்ளை குளியலறையில் கத்துவது கீழ் மாடிவரை கேட்கும்.

"அழுக்குன்னா ரெண்டு தடவைல போகும்மா. போகலைன்னா அது தோலு" என்றேன்.

"நீங்க சும்மா இருங்கப்பா. டீச்சர் முன்னாடி தலையைத் தொங்கப்போட்டு நின்னது நீங்களா, நானா?"

நான் சும்மா இருந்தேன். நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ அந்த இடத்தில் தோல் கிழிந்து சீழ் வைத்துவிட்டது. புண்ணுக்கு மருந்து வாங்கத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். வேறு ஒன்றுக்கும் இல்லை.

பிள்ளையை நாங்கள் பொடிசு என்று கூப்பிடுவோம். குறை மாதத்தில் உள்ளங்கை அளவுக்குப் பிறந்தாள், அதனால் வந்த பெயர். இப்போது வயது பத்து, ஆள் நல்ல குண்டு. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

நாங்கள் இருப்பது சிப்ஸ் கம்பெனிக்குப் பின்னால் இருக்கிற குடியிருப்பில், மூன்றாவது மாடியில், இரண்டு அறை. ஜன்னலைத் திறந்தால் கம்பெனிச் சுவர் தெரியும். நான் அங்கே எண்ணெய்த் தொட்டியில் வேலை பார்த்து ரிடையர் ஆனவன். என் மகள் பாக்கெட் போடும் மெஷினில் நிற்கிறாள். மருமகன் லாரி ஓட்டுகிறான். அவன் வீட்டில் இருக்கும் நாளைவிட இல்லாத நாள்தான் அதிகம். இருக்கும் நாளிலும் தூங்குவான்.

அந்தக் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. மெஷினில் சீல் கோணலாக விழுந்த பாக்கெட்டைக் கடைக்கு அனுப்ப முடியாது. அதை ஷிஃப்ட் முடிந்து போகிறவர்களுக்கு கேட்டில் வைத்து அள்ளிக் கொடுத்துவிடுவார்கள். நாங்கள் அதைக் கோணல் என்றுதான் சொல்வோம். "இன்னைக்குக் கோணல் உண்டா?" என்று கேட்டுக்கொண்டே பிள்ளைகள் கேட்டில் நிற்கும். எங்கள் குடியிருப்பில் பாலுக்கு அழுத பிள்ளையைக்கூட நான் பார்த்ததில்லை, கோணலுக்கு அழுத பிள்ளைகளைத்தான் பார்த்திருக்கிறேன். அம்மா வேலையில் இருக்கும்போது பிள்ளையைப் பார்த்துக்கொள்கிற பக்கத்து வீட்டுக்காரிக்கு ஒரு பை. தையல்காரனுக்கு ஒரு பை. மிச்சம் வீட்டுக்கு. பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைக்கு, சோறு ஆக்க ஆள் வரும்வரை வேறு என்ன கொடுப்பது? கம்பெனிக்காரன் இதையெல்லாம் அன்பினால் கொடுக்கிறான் என்று நினைக்கிற அளவுக்கு நான் முட்டாள் இல்லை. குப்பைவண்டிக்குக் கொடுக்கிற காசு அவனுக்கு மிச்சம். ஆனால் சும்மா வருவதை வேண்டாம் என்று சொல்கிற வீடு எங்கள் பக்கம் ஒன்றுகூடக் கிடையாது. எங்கள் வீடும் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியில் காத்திருக்கும் இடத்தில் ஒரு மெஷின் நிற்கிறது. காசு போட்டால் பாக்கெட் விழும். உள்ளே விளக்குப் போட்டு, சாமான் எல்லாம் நகைக்கடை மாதிரி அடுக்கி வைத்திருந்தார்கள். பொடிசு கண்ணாடியில் மூக்கை வைத்துப் பார்த்துவிட்டு ஓடிவந்தாள்.

"அம்மா, நம்ம கம்பெனி. சீல் எல்லாம் நேரா இருக்கு."

டாக்டர் ஒரு பெண். என் மகளைவிடச் சின்னவள். புண்ணைப் பார்த்தாள், மருந்து வைத்தாள். அதோடு விடவில்லை. பிள்ளையைப் படுக்கச் சொல்லி வலது விலாவுக்குக் கீழே அமுக்கினாள். அப்புறம் ரத்தம் எடுக்கச் சொன்னாள். ஸ்கேன் எடுக்கச் சொன்னாள். ஆரம்பித்துவிட்டாள் என்று நினைத்தேன். ஒரு புண்ணுக்குப் போனால் உடம்பு முழுவதையும் கழற்றிப் பார்க்காமல் விடமாட்டார்கள். யார் எதைச் சொன்னாலும் அதில் அவருக்கு என்ன லாபம் என்று முதலில் பார்ப்பது என் வழக்கம். அது என்னை ஒருநாளும் ஏமாற்றியதில்லை.

ஸ்கேன் எடுக்கும்போது வயிற்றில் குளிர்ந்த பசையைத் தடவினார்கள். பொடிசு கூச்சம் தாங்காமல் சிரித்துக்கொண்டே இருந்தாள்.

"ஈரல்ல கொழுப்பு படிஞ்சிருக்கு" என்றாள் டாக்டர்.

"ஈரல் கெடுறது குடிகாரனுக்கும்மா. நான் பார்த்திருக்கேன். பத்து வயசுப் பிள்ளை என்ன குடிச்சிட்டா வந்திருக்கு?"

"குடிக்காமலும் வரும் ஐயா. இப்போ பிள்ளைங்களுக்குத்தான் நிறைய வருது. இந்தக் கழுத்துக் கருப்பும் அதைச் சேர்ந்ததுதான். அது அழுக்கு இல்ல. உடம்பு உள்ளே சர்க்கரையோட மல்லுக்கட்டுது, அது வெளியே தெரியுது. இனிமே தேய்க்காதீங்க."

என் மகள் அழ ஆரம்பித்துவிட்டாள். ஈரலுக்காக அழுதாளா, தேய்த்ததற்காக அழுதாளா தெரியவில்லை. பொடிசு அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, எனக்கு வலிக்கல" என்றாள். பொய். வலித்தது எங்கள் மாடி முழுவதுக்கும் தெரியும்.

"மருந்து?" என்றேன்.

"மருந்து இல்லை ஐயா. சாப்பாடுதான். சிப்ஸ், பிஸ்கட், கிரீம் வெச்ச பன், கலர் பாட்டில் எல்லாத்தையும் நிறுத்துங்க. காய், முட்டை, பழம் குடுங்க. நல்லா ஓடியாடட்டும். மூணு மாசம் கழிச்சுத் திரும்பப் பார்க்கலாம். பிள்ளைங்க ஈரல் நல்ல ஈரல், விட்டா தன்னாலே சரியாகும். விடலைன்னா இறுகிப்போகும். இறுகினதைத் திருப்புறது ரொம்பக் கஷ்டம்."

மருந்து எழுதாத டாக்டரை அன்றைக்குத்தான் பார்த்தேன். வியாதி பெரிதென்றால் மருந்து இருக்கும், மருந்து இல்லையென்றால் வியாதி சின்னது என்று என் புத்தி கணக்குப் போட்டது. வரும்போது படம் போட்ட ஒரு தாளும் கொடுத்தார்கள். அதில் எங்கள் தெருவில் யாரும் கண்ணால் பார்த்திராத நடுவில் கறி வைத்த தடித்த ரொட்டி ஒன்றைப் போட்டு, குறுக்கே சிவப்புக் கோடு இழுத்திருந்தது.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் என் மகள் லைனில், கூட நிற்கிறவர்களிடம், இதைச் சொல்லியிருக்கிறாள். எங்கள் கம்பெனியில் ஒருத்திக்குத் தலைவலி என்றால் லைன் முழுவதும் வைத்தியம் சொல்லும். அன்று சாயங்காலமே டிரம் அக்கா வந்துவிட்டாள்.

டிரம் அக்கா என்றால் மசாலா டிரம்மில் வேலை செய்கிறவள். வறுத்துவரும் சிப்ஸ் பெல்ட்டில் போய் அந்த டிரம்முக்குள் விழும். டிரம் சுற்றச் சுற்ற மேலிருந்து மசாலாத் தூள் கொட்டும். வெளியே வரும்போதுதான் அது ஆரஞ்சும் சிவப்புமாக, கடையில் பார்க்கிற சிப்ஸாக ஆகியிருக்கும். டிரம்முக்கு முன்னால் வெறும் மஞ்சள் வெள்ளை. அதை நாங்கள் வெள்ளை என்போம். அந்தத் தூள் இருக்கிறதே, அது மூக்கில் ஏறினால் பத்துத் தும்மலுக்குக் குறையாது. கண் எரியும். கை மடிப்பெல்லாம் சிவந்து தடிக்கும். முகமூடி கொடுத்திருக்கிறார்கள், அதையும் தாண்டி உள்ளே போகும்.

வந்தவள் தன் இரண்டு கையையும் எனக்கு முன்னால் நீட்டினாள்.

"பாருங்கப்பா. சோப்புப் போட்டாலும் போகாது. என் தோலையே இப்படிப் பண்ணுதே, பிள்ளை வயித்துக்குள்ள போனா ஈரலை சும்மா விடுமா? விஷம் எல்லாம் இந்தத் தூள்லதான். கிழங்குல என்ன இருக்கு? மண்ணுல விளையுறது. எண்ணெய்ல என்ன இருக்கு? சூரியகாந்தில எடுக்கிறது."

"எண்ணெய் நல்ல எண்ணெய்தான்" என்றேன். அதை நான் சொல்லாமல் யார் சொல்வது? அந்தத் தொட்டியை வடித்து, சுரண்டி, துடைத்து, முகம் தெரிகிற மாதிரி வைத்திருந்தவன் நான். மேலிருந்து ஆள் வந்தால் விரலால் தடவிப் பார்ப்பார்கள். ஒருநாளும் குறை சொன்னதில்லை.

"அப்புறம் என்ன? பொடிசுக்கு இனிமே வெள்ளைதான். டிரம்முக்கு முன்னாடியே நான் அள்ளித் தர்றேன். திடீர்னு எல்லாத்தையும் நிறுத்தினா பிள்ளை ஏங்கிப்போயிடும். ஏங்கின பிள்ளைக்கு எந்த வியாதியும் ஆறாது."

டாக்டர் சொன்னதை நான் நம்பவில்லை. அந்தத் தாளை நம்பவில்லை. பாக்கெட்டில் அச்சடித்திருப்பதை என்றைக்குமே நம்பியதில்லை. இதை நம்பினேன். எங்கள் கண் பார்த்தது, எங்கள் கை பட்டது, எங்கள் மூக்கு தும்மியது. இதில் யாருக்கும் லாபம் இல்லை.

வேலை நடக்கும்போது பெல்ட்டில் கை வைத்து அள்ளினால் சீட்டுக் கிழித்துவிடுவார்கள். அது தெரிந்தும் டிரம் அக்கா அள்ளினாள். கையைக் கழுவி, புதுக் கவரில் போட்டு, மேலங்கிக்குள் மறைத்துக் கொண்டுவருவாள். அவளுக்கு லீவு என்றால் வறுக்கும் இடத்தில் இருப்பவன் அள்ளிவைப்பான். லைனை மேற்பார்க்கிற லைன் சார் ஒருநாள் பார்த்துவிட்டான்.

"என்னம்மா அது?"

"மருந்து சார்" என்று என் மகளைக் காட்டினாள். "இவ பிள்ளைக்கு."

"மருந்தா? ஒண்ணு குடு" என்று வாங்கி மென்றிருக்கிறான். "உப்பே இல்லையே. மருந்துதான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டானாம். அதற்கப்புறம் அந்த நேரத்துக்கு அவன் அந்தப் பக்கம் வருவதே இல்லை. இத்தனை வருடம் அங்கே வேலை செய்தேன், ஒருத்தி பிள்ளைக்காக எல்லோரும் சேர்ந்து கண்ணை மூடிக்கொண்டதை அப்போதுதான் பார்த்தேன்.

பொடிசும் சொன்னபடி நடந்தாள். அதைச் சொல்லித்தான் ஆகவேண்டும். கலர் பாட்டில் தொடவில்லை. பன் தொடவில்லை. கூடப் படிக்கிற பிள்ளை பிறந்தநாளுக்குக் கேக் கொடுத்தாளாம், கையில் வாங்கி அடுத்தவளுக்குக் கொடுத்துவிட்டு வந்தாள். பக்கத்து வீட்டுக்காரியிடமும் போய், "எனக்கு ஈரல்ல வியாதி ஆன்ட்டி, மசாலா போட்டது குடுக்காதீங்க" என்று பெரிய மனுஷி மாதிரி சொல்லிவிட்டாள். வெள்ளை மட்டும்தான். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கவரைப் பிரித்து, என் மகள் லேசாக உப்புத் தூவிக் கொடுக்க, மடியில் வைத்துக்கொண்டு தின்பாள். மசாலா இருந்தால் கொஞ்ச நேரத்தில் நாக்கு எரியும், தண்ணீர் குடிக்க எழுந்திருப்பாள். இதில் எரிவதற்கு ஒன்றும் இல்லை. நிறுத்துவதற்கும் ஒன்றும் இல்லை.

நான் காய் வேகவைத்துக் கொடுத்தேன். எனக்குச் சமையல் வராது. வெந்தால் இறக்கத் தெரியும், அவ்வளவுதான். இரண்டு வாய் எனக்காகச் சாப்பிடுவாள்.

"தாத்தா, இது கோவிச்சுக்கிட்ட மாதிரி இருக்கு."

"எது?"

"இந்தக் காய். யாரோ திட்டின மாதிரி கெடக்கு பாரு."

ஓடியாடச் சொன்னாள் டாக்டர். எங்கே ஓடுவது? வாசலில் லாரி. பின்பக்கம் லாரி திருப்பும் இடம். அங்கே சாயங்காலம் பிள்ளைகள் பந்து விளையாடும், கூட்டிப்போனேன். இவள் இரண்டு அடி ஓடியதும் ஒருவன் இவளைக் காட்டி, "டேய், லோடு வண்டி வருது, ஒதுங்குங்கடா" என்றான். எல்லோரும் சுவரோரமாக ஒதுங்கி நின்றார்கள். இவளும் சேர்ந்துதான் சிரித்தாள். மறுநாள் கூப்பிட்டதற்குக் கால் வலிக்கிறது என்றாள். அதற்கடுத்த நாள் தூங்குகிற மாதிரி படுத்திருந்தாள். நான் எழுப்பவில்லை.

மாடி ஏறும்போது இரண்டாவது திருப்பத்தில் நின்று மூச்சு வாங்கினாள். பள்ளிக்கூட உடையில் இடுப்பு பட்டன் போட முடியவில்லை. வகுப்பில் தூங்குகிறாள் என்று டீச்சர் சொல்லியனுப்பினாள்.

"ஏம்மா, இது குறையிற மாதிரி தெரியலையே" என்றேன்.

"வளர்ற வயசுப்பா. உள்ளே இருக்கிறது வெளியே போகும்போது அசதியாத்தான் இருக்கும்னு அக்கா சொன்னாங்க."

"அக்கா எந்தக் காலேஜ்ல படிச்சா?"

"நீங்க எந்தக் காலேஜ்ல படிச்சீங்க?"

 லைனில் யார் கேட்டாலும் என் மகள், "இப்போ ரொம்பப் பரவாயில்லை, நல்லாயிருக்கா" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். எத்தனை பேர் பயந்து பயந்து அள்ளித் தருகிறார்கள், அவர்களிடம் வேறு என்ன சொல்வாள்?

மூன்று மாதம் முடிந்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். பொடிசுக்கு ஒரே குஷி. பரீட்சையில் முதலாவதாக வந்த பிள்ளை மாதிரி போனாள். டாக்டர் கேட்பதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டாள்.

"டாக்டர், நான் கலர் குடிக்கல. பிஸ்கட் திங்கல. கேக் குடுத்தாங்க, அதைக்கூடத் திங்கல."

"அப்படியா, சமத்து" என்று அவள் கன்னத்தைத் தட்டினாள் டாக்டர். அப்புறம் எடை பார்த்தாள். ஸ்கேன் தாளைப் பார்த்தாள். ரத்தத் தாளைப் பார்த்தாள். மறுபடி ஸ்கேன் தாளைப் பார்த்தாள். முகத்தில் இருந்த சிரிப்பு எப்போது போனது என்று தெரியவில்லை.

"வீட்ல என்ன சாப்பிடுறா?"

"எல்லாம் நிறுத்திட்டோம் டாக்டர்" என்றாள் என் மகள்.

"சிப்ஸ்?"

"சுத்தமா நிறுத்திட்டோம். அவ சாப்பிடுறது இதுதான்" என்று பையில் இருந்த கவரை எடுத்து மேஜைமேல் வைத்தாள். காத்திருக்கும்போது பிள்ளைக்குப் பசிக்குமே என்று எடுத்துவந்தது. "கம்பெனில மசாலா போடுறதுக்கு முன்னாடியே தனியா எடுத்தது டாக்டர். கலர் கிடையாது, பவுடர் கிடையாது. லைன்ல எல்லாரும் சேர்ந்து இவளுக்காக எடுத்துத் தர்றாங்க."

டாக்டர் கவரைப் பிரித்து ஒன்றை எடுத்தாள்.  மேஜைமேல் இருந்த ஒரு வெள்ளைத் தாளில் அதை வைத்து, கட்டை விரலால் அழுத்தினாள். அது நொறுங்கியது. தாளில் எண்ணெய் ஊறிப் பரவியது. அந்த இடத்தில் தாளுக்குக் கீழே இருந்த பேனா தெரிந்தது.

"தினமும் இந்தக் கவர் முழுசுமா?"



"ஆமா" என்றாள் பொடிசு. "சில நாள் ரெண்டு."

எனக்குக் கோபம் வந்தது. "முதல்லயே புரியிற மாதிரி சொல்லியிருக்க வேண்டியதுதானேம்மா. ஒரு தாளைக் குடுத்து அனுப்பிட்டீங்க."

"சிப்ஸ் வேண்டாம்னு சொன்னேனே ஐயா."

"அதான் குடுக்கலையே."

அவள் என்னைப் பார்த்தாள். நான் அவளைத் திட்டுவதற்குக் காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும், நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன். அவள் கண்ணாடியைக் கழற்றி நெற்றியைத் தேய்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள். "ஐயா, மசாலா கெடுதல்தான். ஆனா இந்த ஈரல்ல இருக்கிறது மசாலா இல்லை. கிழங்குல இருக்கிற மாவும் எண்ணெயும் தேவைக்கு மேல போனா கொழுப்பாத்தான் மாறும். முன்னாடி தின்னதைவிட இப்போ அதிகமா தின்னிருக்கா. ஈரல் லேசா இறுக ஆரம்பிச்சிருக்கு."

"எவ்வளவு இறுகியிருக்கு?" என்று என் மகள் கேட்டாள்.

"பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தர்றேன். அங்கே ஈரல்ல ஊசி போட்டு ஒரு துளி எடுத்துப் பார்ப்பாங்க."

"சரியாயிடுமா?"

"பார்க்கலாம்மா."

பார்க்கலாம் என்பது எனக்குத் தெரிந்த வார்த்தை. என் மனைவி படுத்திருந்தபோதும் அதைத்தான் சொன்னார்கள்.

பஸ் ஏறினோம். என் மகள் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். பொடிசு நடுவில். கொஞ்ச தூரம் போனதும், "அம்மா, பசிக்குது" என்றாள். பையில் அந்தக் கவர் இருந்தது. என் மகள் பையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பஸ் இறங்கிய இடத்தில் நான் ஒரு வாழைப்பழம் வாங்கிக் கொடுத்தேன். அதைத் தின்றுவிட்டு மறுபடி பசிக்கிறது என்றாள். அவள் பொய் சொல்லவில்லை. அந்த வயிறு மூன்று மாதமாக எதற்குப் பழகியதோ அதைக் கேட்கிறது.

சாயங்காலம் ஷிஃப்ட் முடிந்ததும் டிரம் அக்கா நேராக எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். தலையில் வலைத்தொப்பிகூடக் கழற்றவில்லை. கையில் கவர். இன்னும் சூடு ஆறவில்லை, உள்பக்கம் ஆவி பூத்திருந்தது.

"பொடிசு எங்கேப்பா? இன்னைக்கு ரிப்போர்ட்டாமே. லைன்ல எல்லாரும் கேட்டுட்டு வரச் சொன்னாங்க. கொழுப்பு இறங்கிடுச்சா?"

பொடிசு உள்ளறையில் படுத்திருந்தாள். என் மகள் சமையல் பக்கம் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். கழுவுவதற்கு அங்கே ஒரு பாத்திரமும் இல்லை. ஆக, சொல்லவேண்டியவன் நான். நான் எதையும் சுற்றி வளைத்துப் பேசுகிறவன் இல்லை. அன்றைக்கு நாற்காலியைத் துடைத்தேன், உட்காரச் சொன்னேன், விசிறியைப் போட்டேன். அப்புறம் சொன்னேன்.

முதலில் அவள் சிரித்தாள். "அந்த டாக்டரம்மாவுக்கு என்னப்பா தெரியும்? டிரம்மைப் பார்த்திருக்காங்களா அவங்க?"

"தாளைக் காட்டினாம்மா. ஒண்ணே ஒண்ணைத்தான் வெச்சு அழுத்தினா. எண்ணெய் ஊறிப்போச்சு."

"எண்ணெய்ல வறுத்தா எண்ணெய் இருக்காதா? நல்ல எண்ணெய்னு நீங்கதானே சொன்னீங்க?"

"நல்ல எண்ணெய்தான். அதுவும் கொழுப்பாத்தான் சேருமாம்."

அவள் சிரிப்பு நின்றது. கவரை மடியில் வைத்துக்கொண்டாள். "நான் கையைக் கழுவாம ஒருநாளும் அள்ளலப்பா."

"தெரியும்."

"சீட்டுக் கிழிச்சா கிழிக்கட்டும்னு அள்ளினேன்."

"தெரியும்மா. உன்மேல யாரும் குத்தம் சொல்லல."

அவள் கவரின் முடிச்சை இறுக்கினாள். அப்புறம் சொன்னாள். சொன்னது என்னிடமா, தனக்குத்தானா தெரியவில்லை.

"என் வீட்டுப் பிள்ளைங்க ரெண்டும் இப்போ இதைத்தான் திங்குது."

"எதை?"

"வெள்ளையைத்தான். பொடிசுக்கு மருந்துன்னா நம்ம பிள்ளைங்களுக்கும் நல்லதுதானேன்னு கோணலை நிறுத்திட்டு இதைக் குடுக்க ஆரம்பிச்சேன். நான் மட்டுமா? லைன்ல பாதிப்பேர் இப்போ அப்படித்தான் எடுத்துட்டுப் போறாங்க. லைன் சார்கூட அவர் பையனுக்கு ஒரு கவர் கேட்டு வாங்கிட்டுப் போறாரு."

குழாய் நின்றது. என் மகள் சுவரைப் பிடித்துக்கொண்டு வாசற்படியில் வந்து நின்றாள்.

"நாளைக்கு நான் லைன்ல சொல்லிடுறேன் அக்கா."

"நீ சொன்னா நம்புவாங்களா? கேட்டப்பெல்லாம் நல்லாயிருக்கு, நல்லாயிருக்குன்னு நீதானே சொன்னே?"

என் மகள் தலையைக் குனிந்துகொண்டாள். டிரம் அக்காவும் மேலே ஒன்றும் பேசவில்லை. பேசியிருந்தால் சண்டையாவது வந்திருக்கும். சண்டை வந்தால் யாராவது ஒருத்தர் ஜெயிக்கலாம்.

"இப்போ வீட்டுக்குப் போய் நான் என்ன குடுக்கிறது?" என்றாள் எழுந்துகொண்டே. "சோறு வேக நேரமாகும். கதவைத் திறந்ததும் ரெண்டும் வாயைப் பிளந்துட்டு நிக்கும்."

முட்டை வேகவை, காய் வேகவை, ஓடவிடு என்று டாக்டர் சொன்னதை நான் அவளுக்குச் சொல்லியிருக்கலாம். எனக்கே வெட்கமாக இருந்தது. மூன்று மாதம் வேகவைத்துப் பார்த்தவன் நான்.

அவள் கவரை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள். பேச்சுச் சத்தத்தில் எழுந்துவந்த பொடிசு ஜன்னலில் என் பக்கத்தில் வந்து நின்றாள். கீழே டிரம் அக்கா குப்பைத் தொட்டியருகில் நின்றுகொண்டிருந்தாள். கவரைப் பிரித்து உள்ளே பார்த்தாள். திரும்ப முடிச்சுப் போட்டாள். மறுபடி பிரித்தாள்.

"தாத்தா, பெரிம்மா என் கவரைக் குடுக்காம போறாங்க. கூப்பிடு."

நான் கூப்பிடவில்லை.

"தாத்தா. நான் மசாலா போட்டது ஒண்ணுகூடத் தொடலையே."

"தொடலை கண்ணு."

"அப்புறம் ஏன் குடுக்க மாட்டேங்கறாங்க?"

நான் வாயைத் திறந்தேன். எந்த வார்த்தையை எடுத்தாலும் அது பொடிசைக் குற்றம் சொல்கிற மாதிரியே வந்தது. அதற்குள் அவளே கம்பியைப் பிடித்துக்கொண்டு, "பெரிம்மா" என்று கத்தினாள்.

டிரம் அக்கா நிமிர்ந்து பார்த்தாள். சட்டென்று கவரை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். மறு கையைத் தூக்கி ஆட்டினாள். பொடிசும் ஆட்டினாள். அம்மாவைத் தேடிக்கொண்டு அவள் பிள்ளைகள் இரண்டும் அடுத்த கட்டடத்திலிருந்து அவளுக்குப் பின்பக்கமாக ஓடிவந்தன. அவள் எங்களைப் பார்த்துக் கையை ஆட்டிக்கொண்டிருக்கும்போதே, பெரியது அவள் முதுகுக்குப் பின்னால் கையை விட்டுக் கவரைப் பிடுங்கிக்கொண்டது.